ஃபேடரும் உப்புக்காற்றும்: டிஜே மிக்ஸர் தேயும் இடங்கள்

லேப்டாப்பில் ஓடும் பாட்டுகளைக் கையால் இயக்கும் டிஜே கன்ட்ரோலரை முதல்முறை வாங்கப்போகிற தம்பிகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணே, இது எத்தனை வருஷம் உழைக்கும்?" வருஷக் கணக்கில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. பாட்டுகளைக் கலக்கும் மிக்ஸரோ இந்தக் கன்ட்ரோலரோ ஒரே நாளில் மொத்தமாகச் சாவது அபூர்வம். ஒலியை ஏற்றி இறக்கத் தள்ளும் ஃபேடர் ஒன்று தேயும், ஒரு பட்டன் அமுங்காது, கேபிள் சொருகும் ஜாக் ஒன்று ஆட ஆரம்பிக்கும். உள்ளே இருக்கும் போர்டு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தேயும் பாகத்தைக் கழற்றி மாற்ற முடியுமா, அந்தப் பாகம் கிடைக்குமா என்பதுதான் ஒரு பெட்டியின் ஆயுள். வாங்கும்போது இதைப் பார்ப்பவர்கள் குறைவு. எத்தனை பேடு, கையால் சுழற்றும் வட்டு (jog wheel) எவ்வளவு பெரிது, என்ன லைட் என்றுதான் பார்க்கிறார்கள்.

நான் தூத்துக்குடியில் சவுண்ட் சர்வீஸும் டிஜேவும் சேர்த்துச் செய்கிறேன். கல்யாண ரிசப்ஷன், காலேஜ் ஆண்டு விழா, கோயில் கொடை, கிறிஸ்துமஸ் விழா என்று திருச்செந்தூர், நாகர்கோவில் வரை பெட்டிகள் வேனில் போய் வரும். கடல் காற்று, தூசி, மண்டபத்துப் புகை, ஜெனரேட்டர் கரன்ட் எல்லாம் எங்கள் பக்கம் எந்தப் பெட்டியையும் சோதித்துப் பார்த்துவிடும். ஏசி கிளப்பில் ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கும் மிக்ஸருக்கு எழுதிய பராமரிப்புக் குறிப்புகள் நமக்குப் பாதிதான் பொருந்தும்.

ஃபேடரிலிருந்து தொடங்குகிறேன். சாதாரண ஃபேடரைக் கழற்றி, அதன் தகர உறையின் மடிப்புகளை நிமிர்த்தித் திறந்தால், உள்ளே ஒரு பட்டையில் கறுப்பாகக் கார்பன் கோடு ஓடும். நுனி பிளந்த ஒரு மெல்லிய உலோகத் தகடு அதன்மேல் உரசிக்கொண்டே போய்வரும். புதிதாக இருக்கும்போது அந்தக் கோடு மங்கலாக, ஒரே நிறத்தில் இருக்கும். ஓடித் தேய்ந்ததில், தகடு உரசும் தடம் மட்டும் பளபளவென்று தெரியும். ஓரத்தில் கிரீஸும் தூசியும் குழைந்து பழுப்பாக ஒதுங்கி நிற்கும். பழுப்புப் பசை மட்டும்தான் பிரச்சினை என்றால் துடைத்துவிடலாம். கோடே தேய்ந்திருந்தால் எந்த ஸ்ப்ரே அடித்தாலும் கொஞ்ச நாளில் கரகரப்பு திரும்பிவிடும். ஃபேடர் என்பது வண்டிக்கு டயர் மாதிரி. தேய்வதற்கென்றே இருக்கும் பொருள். மாற்றுவதற்கு மனசு தயாராக இருக்க வேண்டும்.

தேய்மானம் திடீரென்று வராது, முன்கூட்டியே சொல்லும். ஃபேடர் வழியாகவே சவுண்ட் போகும் பழைய வகை மிக்ஸரில் முதலில் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தாண்டும்போது மட்டும் 'கர்' என்று கேட்கும். அப்புறம், ஒரு பாட்டிலிருந்து அடுத்ததுக்கு மாற இடம் வலமாகத் தள்ளும் க்ராஸ்ஃபேடரை ஒரு ஓரத்துக்கு முழுக்கத் தள்ளினாலும் அடுத்த பக்கத்துப் பாட்டு லேசாகக் கசியும். ஒரு ரிசப்ஷனில் மாப்பிள்ளையும் பெண்ணும் மேடைக்கு வர மெல்லிய பியானோ இசை ஓடிக்கொண்டிருக்க, அடுத்து தயாராக வைத்திருந்த குத்துப் பாட்டின் தாளம் அடியில் 'டிக் டிக்' என்று கேட்டது. கூட்டத்தில் பலருக்குத் தெரிந்திருக்காது. வீடியோகிராஃபர் திரும்பிப் பார்த்தார். அந்த மாதிரி நேரத்தில் செய்யக்கூடியது ஒன்றுதான்: சேனலின் க்ராஸ்ஃபேடர் அசைன் சுவிட்சை, க்ராஸ்ஃபேடரைத் தவிர்த்துவிடும் 'த்ரூ'வுக்கு மாற்றிவிட்டு, மேலும் கீழும் போகும் சேனல் ஃபேடரிலேயே நிகழ்ச்சியை முடிக்க வேண்டும். சின்ன கன்ட்ரோலரில் இந்த சுவிட்ச் இருக்காது. சாஃப்ட்வேர் செட்டிங்கில் க்ராஸ்ஃபேடரை அணைக்கும் வழி பெரும்பாலும் உண்டு. அது எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலேயே தேடிப் பழகிவிடுங்கள்.

இப்போதைய கன்ட்ரோலர்களில் ஃபேடர் வழியாக சவுண்ட் போவதில்லை. ஃபேடர் எந்த இடத்தில் நிற்கிறது என்ற எண் மட்டும்தான் லேப்டாப்புக்குப் போகிறது. அதனால் தேய்ந்தாலும் கரகரப்பு கேட்காது; வால்யூம் குதிக்கும். கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஃபேடரை நடுவில் நிறுத்தி, கையை எடுத்துவிட்டு, லேப்டாப் திரையில் இருக்கும் ஃபேடரைப் பாருங்கள். அது தானாக நடுங்கினால் உள்ளே தடம் போய்க்கொண்டிருக்கிறது. பிறகு முழுக்கக் கீழே இறக்கிப் பாருங்கள். கன்ட்ரோலர் லேப்டாப்புக்கு எண் அனுப்பும் மிடி முறையில், ஃபேடர் அடியில் 0, உச்சியில் 127 என்று காட்ட வேண்டும். அடியில் 2, 3 என்று நின்றுவிட்டால் சைலன்ஸ் முழு சைலன்ஸாக இருக்காது.

க்ராஸ்ஃபேடர் தேய்மானத்தைப் பற்றி உலகத்தில் அதிகம் கவலைப்பட்டது ரெகார்டை முன்னும் பின்னும் அசைத்து ஒலி எழுப்பும் 'ஸ்க்ராட்ச்' செய்கிறவர்கள்தான். 1970களில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஸ்க்ராட்ச் பிறந்து வளர்ந்த பிறகு, ஒரு நிமிடத்தில் நூற்றுக்கணக்கான தடவை ஃபேடர் ஓட வேண்டி வந்தது. கார்பன் கோடு அதற்குத் தாங்காது. அதனால்தான் ஒன்றோடொன்று உரசாத ஃபேடர்கள் வந்தன. ரேன் மிக்ஸர்களின் காந்த ஃபேடர், பயனியரின் 'மேக்வெல்' ஃபேடர் எல்லாம் அந்த வகை. மேக்வெல் ஃபேடர் ஒரு கோடி தடவைக்கு மேல் ஓடும் என்று பயனியர் சொல்லியே விற்றது. நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் நம்முடைய கல்யாண வேலைக்கு அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டுமா என்றால் என் பதில் வேண்டாம் என்பதுதான்.

ஏனென்றால் நம்மிடம் தேய்வது வேறு. ரிசப்ஷனில் ஸ்க்ராட்ச் செய்கிற நேரம் எவ்வளவு? ஆனால் மைக் வால்யூம் நாப் ராத்திரி முழுக்க ஓய்வே இல்லாமல் சுற்றும். தொகுப்பாளர் பேசும்போது ஏற்று, பாட்டு வரும்போது இறக்கு, தாய்மாமா மைக்கை வாங்கினால் மறுபடி ஏற்று. எங்கள் பெட்டிகளில் க்ராஸ்ஃபேடரைவிட முன்னால் போனது மைக் நாப்தான், அதற்கடுத்து அந்த மைக் சொருகும் பி-38 ஜாக், அதாவது தடித்த கால் அங்குல ஜாக். கனமான பின்னும் அதன் கேபிளும் கீழே தொங்கினால், விலை குறைந்த பெட்டிகளில் அந்த எடை முழுக்க ஜாக்கை போர்டில் பிடித்திருக்கும் சால்டரில்தான் இறங்கும். மேல் தகட்டில் நட்டு போட்டு இறுக்கியிருக்காது. யாராவது கேபிளில் கால் தடுக்கினால் போதும், சால்டர் விரிந்து லூஸ் கான்டாக்ட் ஆகிவிடும்.

இதற்கு நாங்கள் செய்யும் ஏற்பாடு மலிவானது. ஒரு அடி நீளச் சின்ன கேபிளில் ஒரு பக்கம் பி-38, மறுபக்கம் மூன்று பின் உள்ள கேனான் (எக்ஸ்எல்ஆர்) வைத்துப் பெட்டியில் நிரந்தரமாகச் சொருகிவிடுவோம். மேடையில் இழுப்பதும் பிடுங்குவதும் எல்லாம் அந்தச் சின்ன கேபிளின் மறுமுனையில் நடக்கும். யூஎஸ்பி போர்ட்டுக்கும் இதே யோசனைதான். கேபிளை ஒரு வளையம் விட்டு ஸ்டாண்டிலோ மேஜைக் காலிலோ வெல்க்ரோவால் கட்டிவிட்டால் யார் இழுத்தாலும் போர்ட் தப்பும். யூஎஸ்பி போர்ட் ஆடினால் நிகழ்ச்சி நடுவில் பாட்டே நின்றுவிடும், அதனால் இதில் மட்டும் சோம்பேறித்தனம் வேண்டவே வேண்டாம்.

நாப்களை வாங்கும்போதே அசைத்துப் பாருங்கள். நல்ல மிக்ஸரில் உள்ளே இருக்கும் வால்யூம் கன்ட்ரோல் மேல் தகட்டோடு நட்டு போட்டு இறுக்கியிருக்கும். நாப்பை எந்தப் பக்கம் தள்ளினாலும் ஆடாது. விலை குறைந்ததில் லேசாகச் சாயும். சாய்கிற நாப் பழுது என்று அர்த்தமில்லை, ஆனால் பக்கவாட்டில் விழும் ஒவ்வொரு அடியும் போர்டுக்குத்தான் போகிறது என்று அர்த்தம். ஃப்ளைட் கேஸ் மூடியின் ஃபோம் இந்த நாப்களை அழுத்தாதபடி இருக்க வேண்டும். அழுத்திக்கொண்டே வேனில் நூறு கிலோமீட்டர் குலுங்கினால் மேடையில் ஒரு வருஷம் படாத அடி அன்றைக்கே பட்டுவிடும்.

பட்டன்களைப் பற்றிக் கொஞ்சம். ப்ளே, கியூ பட்டன்களின் அடியில் இருப்பது சின்ன டாக்ட் சுவிட்ச். அதற்குள் வளைந்த ஒரு உலோகத் தகடு, அமுக்கினால் 'டக்' என்று அமுங்கி எழும். வகையைப் பொறுத்து ஒரு லட்சம் தடவையிலிருந்து பத்து லட்சம் தடவை வரை தாங்கும். தேய ஆரம்பித்தால் இரண்டு விதமாகக் காட்டும்: பலமாக அழுத்தினால்தான் வேலை செய்யும், அல்லது ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும். ரோஸ் மில்க்கோ பன்னீர் சோடாவோ சிந்தியிருந்தால் தேயாமலே இந்த நிலைக்கு வந்துவிடும். சுவிட்ச் விலை சில ரூபாய்தான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கைநிறைய வாங்கலாம். ஆனால் நீள அகலத்தோடு தண்டின் உயரமும் பழையதோடு பொருந்த வேண்டும். அரை மில்லிமீட்டர் கூடினால் பட்டன் எப்போதும் அமுங்கியே நிற்கும். குறைந்தால் எவ்வளவு அமுக்கினாலும் எட்டாது. கழற்றிய பழைய சுவிட்சைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அளந்து வாங்குவதுதான் சரி.

சுத்தம் செய்வதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் ஆயில் ஸ்ப்ரேயை ஃபேடருக்குள் அடிக்காதீர்கள். முதல் நாள் வழுவழுவென்று ஓடும், அந்த எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிறகு பழையதைவிட மோசமாகும். வெறும் கான்டாக்ட் க்ளீனரும் முழுத் தீர்வு இல்லை. அது அழுக்கோடு சேர்த்து உள்ளே இருக்கும் கிரீஸையும் கழுவிவிடும். ஃபேடர் வறட்டு வறட்டென்று ஓடும், தகடு நேராகக் கோட்டைச் சுரண்டும். ஃபேடருக்கென்றே மசகு கலந்து வரும் ஸ்ப்ரே கிடைக்கிறது, விலை கூடுதல்தான், ஆனால் கொஞ்சமாக அடித்தாலே போதும். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு அடித்து, ஃபேடரை மேலும் கீழும் ஓட்டி, நன்றாக உலரவிட்டுப் பிறகுதான் கரன்ட் கொடுக்க வேண்டும். இந்த ஸ்ப்ரேக்கள் பெரும்பாலும் தீப்பற்றக்கூடியவை.

ரப்பர் மாதிரி மென்மையான பூச்சு உள்ள நாப்கள் கடலோர ஈரப்பதத்தில் சில வருஷத்தில் பிசுபிசுக்கும். பவுடர் போட்டால் அழுக்குதான் சேரும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைத்தால் அந்தப் பூச்சே கழன்று வந்துவிடும், அடியில் வெறும் பிளாஸ்டிக் நாப் மிஞ்சும். பார்க்க அழகு குறையும், ஆனால் கைக்கு நன்றாக இருக்கும்.

இப்போது மண்டபத்துக்கு வருவோம். இன்றைய ரிசப்ஷனில் ஸ்மோக் மெஷின், தீப்பொறி பறக்கவிடும் கோல்ட் பைரோ (cold pyro), பேப்பர் ப்ளாஸ்ட் இல்லாமல் மாப்பிள்ளை மேடை ஏறுவதில்லை. இவை மூன்றும் நம் பெட்டிக்கு எதிரி. ஸ்மோக் மெஷினில் ஊற்றுவது கிளைகாலும் தண்ணீரும் கலந்த திரவம். புகை கலைந்த பிறகு அது கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாக எல்லாவற்றின்மேலும் உட்காரும். அதில் தூசி ஒட்டிக்கொள்ளும். ஃபேடருக்குள் பார்த்த பழுப்புப் பசையில் இதற்கும் பங்கு உண்டு. கோல்ட் பைரோ மெஷினில் போடுவது டைட்டேனியம் போன்ற உலோகத் துகள். பேப்பர் ப்ளாஸ்டில் மினுமினுப்பான ஃபாயில் துண்டுகள் வரும். ஒரு பெட்டியைத் திறந்தபோது போர்டின் மேல் தங்க நிறத் துணுக்கு ஒன்று இரண்டு சிப் கால்களுக்கு நடுவே ஒட்டிக்கொண்டிருந்தது. மின்சாரம் கடத்தும் பொருள் அங்கே போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் டெகரேஷன்காரர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுவோம்: "அண்ணே, பைரோவும் ப்ளாஸ்டும் நம்ம டேபிளுக்கு எதிர் ஓரமா வச்சிக்கோங்க." பெரும்பாலும் கேட்பார்கள். மாப்பிள்ளை நுழையும் அந்த நேரத்துக்குப் பெட்டியின் மேல் ஒரு கண்ணாடித்தாள் கவரை விரித்துவிட்டு, ஒரே பட்டனில் பாட்டை ஓட விடுவோம்.

ஏசி மண்டபத்தில் நிகழ்ச்சி முடிந்ததும் பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு வெளியே வராதீர்கள். குளிர்ந்த உலோகத்தின்மேல் வெளியே இருக்கும் ஈரக்காற்று பட்டால் நீர் கோர்க்கும், எங்கள் ஊரில் அந்த ஈரத்தில் உப்பும் சேர்ந்தே வரும். உள்ளேயே ஃப்ளைட் கேஸில் வைத்து மூடி, வெளியே கொண்டுவந்து, வெளிச்சூட்டுக்கு வரும் வரை திறக்காமல் வைக்க வேண்டும். கேஸுக்குள் சிலிக்கா ஜெல் பை போடுங்கள், நிறம் மாறியதும் மாற்றுங்கள். கடற்கரையோர மண்டபத்துக்கு அடிக்கடி போகும் பெட்டிகளில் முதலில் பச்சை பூப்பது ஆடியோ கேபிள் சொருகும் வட்டமான ஆர்சிஏ ஜாக்கின் உட்புறம்தான். அதை மட்டும் அடிக்கடி டார்ச் அடித்துப் பாருங்கள்.

கரன்ட் விஷயம் தேய்மானம் இல்லை, ஆனால் எங்கள் பக்கம் தேய்மானத்தைவிட அதிகப் பெட்டிகளைக் கொன்றது இதுதான். த்ரீ ஃபேஸ் லைனில் நியூட்ரல் லூஸானால், 230 வோல்ட் வர வேண்டிய பிளக்கில் வோல்டேஜ் 400-ஐ நோக்கி ஏறும். அடாப்டர் 'பட்' என்று போகும். அதிர்ஷ்டம் இருந்தால் அதோடு நிற்கும். மண்டபத்தில் இறங்கியதும் எங்கள் முதல் வேலை மல்டிமீட்டரை எடுப்பது. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 பக்கம், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். இதில் ஒன்று தப்பினாலும் எலக்ட்ரீஷியன் வரும் வரை எதையும் சொருகமாட்டோம். மிக்ஸருக்கும் லேப்டாப்புக்கும் மட்டும் சின்ன யூபிஎஸ் ஒன்று; ஆம்ப்ளிஃபயரை அதில் சேர்க்கவே கூடாது. கரன்ட் போய் ஜெனரேட்டர் ஏறுகிற அந்தச் சில விநாடிகளில் கன்ட்ரோலர் அணைந்து எழாமல் இருக்கவே இது. அடாப்டர் போனால் வோல்ட் அதே அளவு, ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ, பிளஸ் நடுவிலா வெளியிலா என்ற மூன்றையும் பழைய அடாப்டரின் மேல் பார்த்து வாங்குங்கள். பின் பொருந்துகிறதே என்று சொருகிவிடக் கூடாது.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. எத்தனையோ சவுண்ட் சர்வீஸ் குடோன்களில் பெட்டிகள் தண்ணீரில் நின்றன. அப்போது பிழைத்தவை பெரும்பாலும் ஆன் செய்து பார்க்காமல் அப்படியே திறக்கப்பட்டவைதான். தண்ணீர் மட்டும் போர்டை உடனே கொல்வதில்லை. தண்ணீரோடு கரன்ட் சேர்ந்தால்தான் கொல்லும். திறந்து, நல்ல தண்ணீரில் சேறு போகக் கழுவி, டிஸ்டில்டு வாட்டரில் அலசி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பிரஷ் போட்டு, நிழலில் ஃபேன் காற்றில் பல நாள் உலர்த்தினால் போர்டு பெரும்பாலும் திரும்பி வரும். ஃபேடர்களை மட்டும் யோசிக்காமல் மாற்றிவிட வேண்டும். வண்டல் ஒரு துளி உள்ளே இருந்தாலும் கார்பன் கோட்டைச் சீக்கிரமே சுரண்டித் தீர்த்துவிடும்.

நீண்ட நாள் உழைப்புக்கு உதாரணம் கேட்டால் எல்லோரும் ரெகார்ட் சுழற்றும் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிளைச் சொல்வார்கள். 1972-ல் வந்தது, 1979-ல் அதன் எம்கே2 வடிவம் வந்தது, 2010-ல் உற்பத்தி நின்று 2016-ல் புது வடிவில் திரும்பியது. எம்கே2 இன்றும் ஓடுகிறது. பெல்ட் இல்லாத டைரக்ட் டிரைவ் மோட்டார் ஒரு காரணம். இன்னொன்று, அதில் தேய்கிற, வேகத்தை மாற்றும் பிட்ச் ஃபேடரும் ஆர்சிஏ கேபிளும் இன்றும் விலைக்குக் கிடைக்கின்றன. மாறாக ஜப்பானின் வெஸ்டாக்ஸ், ஸ்க்ராட்ச் மிக்ஸர்களுக்குப் பேர் போன கம்பெனி, 2014-ல் மூடப்பட்டது. பெட்டி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அதன்பிறகு ஒரிஜினல் பாகத்துக்கு எங்கே போவது?

கன்ட்ரோலருக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. லேப்டாப்பில் தனி டிரைவர் சாஃப்ட்வேர் போட்டால்தான் ஓடும் வகையாக இருந்தால், கம்பெனி அந்த டிரைவரைப் புதுப்பிப்பதை நிறுத்திய பிறகு புது லேப்டாப்பில் அது ஓடாமல் போகலாம். ஒரு பாகம்கூடத் தேயாத பெட்டி அலமாரிக்குப் போய்விடும். டிரைவர் இல்லாமலே லேப்டாப் அடையாளம் கண்டுகொள்ளும் வகையை வாங்குவது நல்லது. முகூர்த்த சீசன் நடுவில் லேப்டாப் சிஸ்டத்தை அப்டேட் செய்யவே செய்யாதீர்கள். அந்த வேலையை முகூர்த்தம் இல்லாத மார்கழியில் வைத்துக்கொள்ளலாம். பெட்டிகளைத் திறந்து துடைக்கவும் எங்களுக்கு அந்த மாதம்தான்.

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போகிறவர்கள் ஹெட்ஃபோனும் சொந்த லேப்டாப்பும் கொண்டு போங்கள். விற்பவர் பாட்டுப் போட்டுக் காட்டுவதைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். சத்தத்தில் எல்லாம் நன்றாகத்தான் கேட்கும். ஒரு சேனலில் பாட்டை ஓடவிட்டு, ஃபேடரை முழுக்க இறக்கி, ஹெட்ஃபோன் வால்யூமை ஏற்றி மாஸ்டரை, அதாவது ஸ்பீக்கருக்குப் போகும் சவுண்டை, கேளுங்கள். கசிவு இருந்தால் தெரியும். நாப் ஒவ்வொன்றையும் மெதுவாகச் சுற்றுங்கள். மைக் ஜாக்கில் பின்னைச் சொருகி லேசாக அசையுங்கள். யூஎஸ்பி கேபிளையும் அப்படியே அசையுங்கள், கனெக்ஷன் விட்டுப்போகக் கூடாது. அடியில் இருக்கும் ஸ்க்ரூக்களின் தலையைப் பாருங்கள்: வழுக்கியிருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள், என்ன மாற்றினார்கள் என்று கேளுங்கள். நல்ல ரிப்பேர்க்காரரிடம் போய் வந்த பெட்டியை நான் தயங்காமல் வாங்குவேன். ஃபேடர் மட்டும் போயிருந்தால் அதன் விலையையும் கூலியையும் கழித்துக்கொண்டு பேசலாம். யூஎஸ்பி போர்ட் ஆடினால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் போர்டைத் திறந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.